இருப்புப் பதிவேடு

ராயபுரத்தில் எங்கள் கோயில் சாவிக்கொத்து என்னிடம்.
பதினேழு சாவி; இரண்டுக்குப் பூட்டு எதுவென்று
எனக்கு முன்னால் இருந்தவருக்கும் தெரியாது.
பதிவேட்டில் என் கையெழுத்து:
மெழுகுத் தண்டு ஆறு. தூபக்கலசம் ஒன்று.
மாதா சுரூபத்துக்கு முத்துமாலை நான்கு, போலி.
பித்தளைப் பேசின் ஒன்று, விளிம்பில்
‘உபயம் தியோகு பர்னாந்து குடும்பத்தார்’,
எழுத்து பாதி தேய்ந்தது.

பேசினுக்கு வருசத்தில் ஒரே நாள்தான் வேலை.
பெரிய வியாழன் சாயங்காலம்
பன்னிரண்டு ஆண்கள் நாற்காலியில் உட்கார,
சாமியார் முழந்தாளிட்டுக் கழுவுவார்
வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து வந்த கால்களை.
போன தடவை நானும் ஒருத்தன்.
குதிகாலில் பவுடர்கூடப் போட்டிருந்தேன்.

ஆடி மாதம் கணக்கெடுக்கையில் பேசினைக் காணோம்.
மறுநாள் இருந்தது, இருந்த இடத்திலேயே.
அடுத்த செவ்வாய் மறுபடி இல்லை.

கோயில் பெருக்கும் எமில்டாவிடம் இன்னொரு சாவி.
காசிமேட்டில் விடியுமுன் இறால் உரிப்பவள்.
பூசையில் அவள் உட்காரும் பெஞ்சில்
பக்கத்து இடம் எப்போதும் காலி.
எனக்குத் தெரியும்,
காலியாக விட்டவர்களில் நானும் உண்டு.

பழைய பித்தளை கிலோ என்ன விலையென்று விசாரித்துவிட்டு
ஒரு செவ்வாய்க்கிழமை பின்னாலேயே போனேன்.
பாத்திரக் கடையைத் தாண்டினாள்; திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அடகுக் கடையையும் தாண்டினாள்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி மதிலோரம்
ஒரு ஃப்ளெக்ஸ் பேனருக்குக் கீழே நின்றாள்.

துறைமுகத்தில் வின்ச் ஓட்டிய கஜபதியாம்.
இடதுகாலில் விரல் மூன்றுதான் மிச்சம்.
“இன்னா லேட்டு? உன் ஏசு இன்னிக்கு லீவா?”
“கம்முனு கால நீட்டு.”
டீக்கடைக் கெட்டிலிலிருந்து வெந்நீர் பேசினில் இறங்கியது.

என்னைப் பார்த்தாள். பதறவில்லை.
“நல்ல நேரத்துல வந்தீங்கண்ணே.
இவருக்கு சக்கர, கால்ல சூடு தெரியாது.
எனக்கு ஐஸுல வெரலு மரத்துப் போவுது,
மத்தியானம் வரைக்கும் இதுங்களுக்கும் ஒண்ணும் தெரியாது.
ஒருவாட்டி கொப்புளம் போட்டுடுச்சு, பாவம்.
முழங்கைய வுட்டுப் பாத்துச் சொல்லுங்க.”

திருட்டைப் பிடிக்கவென்று கொண்டுபோன கை.
சட்டையை மடித்தேன்.
லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
தண்ணீருக்குள் என் முழங்கை
யாருடையதோ போலத் தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம் பச்சத்தண்ணி” என்றேன்.
அன்றைக்கு நான் செய்த ஊழியம் அவ்வளவுதான்.

அவள் கழுவினாள். விரலிடுக்கு, உள்ளங்கால்,
விரலிருந்த இடம்.
பழம்புடவைத் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.
அவர் மகனைத் திட்டினார், கார்ப்பரேஷனைத் திட்டினார்,
“யாரிந்த ஆளு, போலீஸா?” என்று என்னையும் திட்டினார்.
அவள் ஒரு வசனம் சொல்லவில்லை, ஜெபமும் இல்லை.
ஒரே ஒரு தடவை, புண்ணைப் பார்த்து,
“ஆறிட்டு வர்ற, சமத்து” என்றாள்.

மார்கழியில் மறைமாவட்டத்துத் தணிக்கையாளர்
பதிவேட்டில் விரலை வைத்துக் கேட்டார்:
பேசின் எங்கே?
அன்றைக்கும் செவ்வாய்.
‘நிலை’ என்ற கட்டத்தில்
‘நன்று’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு
‘உபயோகத்தில்’ என்று எழுதிக் கொடுத்தேன்.
மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

அவள் பெஞ்சில் நான் இன்னும் போய் உட்காரவில்லை.
இதையும் எங்காவது பதியத்தான் வேண்டும்.

இந்தப் பெரிய வியாழன்,
புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வந்தது பேசின்.
பன்னிரண்டு பேர். பாடகர் குழு தொண்டையைச் செருமியது.
குடத்திலிருந்து நான்தான் ஊற்றினேன்.
சாமியார் முதல் காலைப் பிடித்துவிட்டார்,
என்னை அறியாமல் குனிந்து
முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டேன்.

கோயில் முழுக்கப் பார்க்கிறது.
“ஒரு நிமிசம் சாமி,” என்றேன்,
“சூடு இருக்கு.”